'தெரியவில்லை' என்று எழுத இடம் விடுங்கள்: களப்பதிவுத் திட்டத்தை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

களத்தில் பார்த்த உயிரினங்களைப் பதியும் நம் திட்டத்தில் அடுத்த பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரப்போகும் புதிய விதிகளைச் சுற்றறிக்கையில் படித்தேன். இனப்பெயர் வரை போகாத பதிவுகள் இனிமேல் 'முழுமையற்றவை'. அவை வரைபடத்தில் ஏறாது, பதிவரின் கணக்கிலும் சேராது. எதன் மேல் வளர்கிறது, என்ன சோதனை செய்தீர்கள், எதை வைத்து இந்தப் பெயர் என்று கேட்ட மூன்று கட்டங்கள் படிவத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. புகைப்படத்தைப் பார்த்துச் செயலி சொல்லும் பெயரைப் பதிவர் ஏற்றுக்கொண்டால் அதுவே உறுதிப்படுத்தல், வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை. கைலென்ஸோடு நடந்துவந்த களப்பயிற்சிக்குப் பதிலாக, நல்ல புகைப்படம் எடுப்பது எப்படி என்று ஒரு காணொளி.

பதிவுகளை அனுப்பியும், மற்றவர்கள் அனுப்பியதைச் சரிபார்த்தும் நெடுநாளாக இந்தத் திட்டத்தோடு இருக்கிறேன். பெரிய பறவைகளுக்கும் பட்டாம்பூச்சிகளில் பலவற்றுக்கும் இந்த விதிகள் அதிகக் கெடுதல் செய்யாமல் போகலாம். பூஞ்சையும் பாசியும் கூடி ஓருடலாக வாழும் லைக்கன்களுக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. பச்சை மெத்தையாகப் படரும் சிறு தாவரங்களான மாஸ்கள், காளான்கள், அந்துப்பூச்சிகளில் ஒரு பெரும்பகுதி ஆகியவற்றுக்கும் அப்படித்தான். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

கடந்த பருவத்தின் கடைசிப் பகுதியில் இந்தத் தானியங்கி உறுதிப்படுத்தலைச் சோதனை ஓட்டமாக நீங்கள் நடத்தினீர்கள். அப்போது ஒரே சாலையோர மரவரிசையிலிருந்து சாந்தோரியா பாரியெட்டினா என்ற மஞ்சள் லைக்கனின் பதிவுகள் வரிசையாக வந்து விழுந்தன, எல்லாவற்றிலும் 'உறுதி' முத்திரை. அந்த மரங்கள் எனக்குப் பழக்கமானவை என்பதால் சந்தேகம் வந்தது, போய்ப் பார்த்தேன்.

முதல் மரத்தில் இருந்தது லைக்கனே இல்லை. பட்டையின் ஈரமான பக்கத்தில் ஆரஞ்சுப் பொடி அப்பியதுபோல் படர்ந்திருந்தது. கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மூக்கு மரத்தில் இடிக்கும் அளவுக்கு நெருங்கினால்தான் அது மெல்லிய இழைகளாலான மெத்தை என்று தெரியும். அது ட்ரென்டிபோலியா. பச்சைப்பாசி வகையைச் சேர்ந்தது, ஆனால் உடலில் சேர்த்து வைத்திருக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் ஆரஞ்சாகத் தெரியும். இரண்டாவது மரத்தில் இருந்தது லைக்கன்தான், நல்ல மஞ்சள்தான், ஆனால் மடல்கள் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. நுணுக்கமாகக் கிழிந்து, ஓரத்தில் குருணை குருணையாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு சிறு துணுக்கை எடுத்து, பல்குத்தியின் நுனியால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தொட்டு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. சாந்தோரியாவாக இருந்தால் தொட்ட கணத்தில் அந்த இடம் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து இரத்தம் கட்டியதுபோல் ஆகியிருக்கும், ஏனென்றால் அதன் மஞ்சளுக்குக் காரணமான பாரியெட்டின் என்ற பொருள் காரத்தோடு அப்படித்தான் வினைபுரியும். இது கேண்டலேரியா. இதன் மஞ்சள் வேறு வேதிப்பொருளிலிருந்து வருவது, கண்ணுக்கு மட்டும் ஒரே மஞ்சள்.

அசல் சாந்தோரியாவும் அங்கே இருந்தது. வெயில் படாத பக்கத்தில், மஞ்சளே இல்லாமல், சாம்பல் கலந்த பச்சையில். பாரியெட்டின் வெளிச்சத்துக்கு எதிரான திரை, நிழலில் இருக்கும் உடலில் அது சரியாக உருவாவதில்லை. நடுவில் இருந்த சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில் மட்டும் ஆரஞ்சு தங்கியிருந்தது, அதை வைத்துத்தான் கண்டுகொள்ள முடிந்தது. அந்த ஒரு மரத்துக்கான பதிவில் செயலி வைத்திருந்த பெயர் ஃபிசியா, வேறொரு சாம்பல் நிற லைக்கன்! ஆக, பெயர் வைக்கப்பட்ட இடத்தில் பொருள் இல்லை, பொருள் இருந்த இடத்தில் வேறு பெயர். மூன்றுக்கும் உங்கள் தரவுத்தளத்தில் ஒரே பச்சை நிற 'உறுதி'.

இது செயலியைக் குறை சொல்வதற்காக அல்ல. புகைப்படத்தில் இருப்பதைத்தான் அது பார்க்க முடியும், லைக்கனின் அடையாளமோ பெரும்பாலும் புகைப்படத்தில் இல்லை. சாம்பல் நிறத்தில், விரல்நுனி அளவில், மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் இலைவடிவ லைக்கன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிசியாவுக்கும் ஃபேயோஃபிசியாவுக்கும் நம்பகமான முதல் வேறுபாடு மேல்தோலில் அட்ரனோரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறதா இல்லையா என்பதுதான். இருந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டதும் மஞ்சளாகும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். பர்மிலியா குடும்பத்தில் பலவற்றைப் பிரிக்க அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வேர்போன்ற இழைகள் விளிம்பு வரை வருகின்றனவா, விளிம்பையொட்டி வெறும் பட்டை விட்டிருக்கிறதா, இழைகள் கிளைத்திருக்கின்றனவா? மேலிருந்து எத்தனை மெகாபிக்சலில் படம் எடுத்தாலும் அடிப்பக்கம் அடிப்பக்கம்தான். தாடிபோல் தொங்கும் அஸ்னியாவை ரமலீனாவிலிருந்து பிரிக்க ஒரு இழையை ஈரமாக்கி மெதுவாக இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். அஸ்னியாவாக இருந்தால் மேல்தோல் விட்டுப்போய், உள்ளே ரப்பர்போல் நீளும் வெள்ளை நரம்பு தெரியும். இழுத்துப் பார்த்தேன் என்று எழுதத்தான் அந்த 'எதை வைத்து' கட்டம் இருந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

நிறத்தை நம்பவே முடியாது என்பதற்கு மழையே போதும். லோபேரியா பல்மொனேரியா காய்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு, நனைந்த சில நிமிடங்களில் கீரைப் பச்சை. மேல்தோல் நீரை உறிஞ்சி ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதால் உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரிகிறது. காலையில் எடுத்த படத்துக்கும் நண்பகலில் எடுத்த படத்துக்கும் செயலி வெவ்வேறு பெயர் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. படிவத்தில் 'ஈரமா, உலர்ந்ததா' என்று கேட்டிருந்தால்கூடப் பாதிச் சிக்கல் தீரும் என்று முன்பே எழுதியிருந்தேன். கேட்கவில்லை. இப்போது இருந்த கட்டங்களும் போகின்றன.

பாறையோடு பாறையாக ஒட்டிய ஓட்டுவகை லைக்கன்கள் இன்னும் மோசம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கிண்ணத்தைச் சுற்றி விளிம்பு இருக்கிறதா, அந்த விளிம்பு உடலின் நிறத்தில் இருக்கிறதா, கிண்ணத்தின் நிறத்தில் இருக்கிறதா என்பதில் பேரினமே மாறிவிடும். அதற்கு அடுத்த படியில் கிண்ணத்தைச் சவரக்கத்தியால் சீவி, நுண்ணோக்கியில் வித்துகளின் (ஸ்போர்களின்) அறைகளைப் பார்க்க வேண்டும். பட்டையில் கிறுக்கெழுத்துபோல் கோடுகோடாகத் தெரியும் கிராஃபிஸ் பேரினத்திலும் அதே கதைதான். லெப்ரேரியாவுக்கு வித்தும் இல்லை, கிண்ணமும் இல்லை. முழு உடலும் வெறும் மாவு. இனம் பிரிக்க ஆய்வகத்தில் மென்படல நிறப்பிரிகை (வேதிப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) செய்து அமிலங்களைப் பார்த்தாக வேண்டும். களத்தில் நிற்கும் எவரும், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், 'லெப்ரேரியா, இனம் தெரியவில்லை' என்றுதான் நேர்மையாக எழுத முடியும். உங்கள் புதிய விதிப்படி அந்த நேர்மையான பதிவு குப்பை. செயலி தூக்கிக் கொடுக்கும் ஏதோ ஒரு இனப்பெயரை அமுக்கிவிட்டுப் போகிறவரின் பதிவு தரமானது.

என் குறையின் மையம் இதுதான். பேரினத்தோடு நிறுத்திய பதிவில் தவறு இல்லை, அதில் இருக்கும் அளவு தகவல் சரியான தகவல். பின்னாளில் மாதிரி கிடைத்தால், குறிப்பு இருந்தால், அதைக் கீழே இறக்கி இனம் வரை கொண்டுபோகலாம். தவறான இனப்பெயரோடு 'உறுதி' முத்திரை குத்திய பதிவை எவரும் திரும்பத் தேடிப் போகமாட்டார்கள். அது சரியான பதிவுகளோடு கலந்து, அவற்றைப் போலவே தோற்றமளித்துக்கொண்டு கிடக்கும். முதல் வகையை ஒதுக்கி இரண்டாம் வகையைச் சேர்க்கிறீர்கள். இதைத் 'தரமேம்பாடு' என்று சுற்றறிக்கை அழைக்கிறது.

அடையாளம் காணத் தெரியாதவர்களின் சாக்கு என்று இதை நினைத்தால், அறிவியலே எத்தனை முறை பெயர்களைக் கலைத்துப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். கோரா என்று அறியப்படும் விசிறிவடிவ லைக்கன் வெகுகாலம் ஒரே இனமாகத்தான் எண்ணப்பட்டது. 2014இல் ராபர்ட் லூக்கிங் குழுவினர் மரபணுவைப் பார்த்தபோது அந்த ஒன்றுக்குள் குறைந்தது 126 இனங்கள் இருந்தன. வௌவால்களில் பிப்பிஸ்ட்ரெல்லஸ் பிப்பிஸ்ட்ரெல்லஸ் என்று ஐரோப்பாவில் எழுதப்பட்டுவந்த பெயர் 1990களில் இரண்டாக உடைந்தது. ஒன்றின் ஒலி ஏறக்குறைய 45 கிலோஹெர்ட்ஸில் அழுத்தமாக விழும், இன்னொன்றின் ஒலி ஏறக்குறைய 55இல். பழைய பதிவுகளில் வெறும் பெயரை எழுதியவர்களுடையதை இனி ஒன்றும் செய்ய முடியாது. பெயரோடு அதிர்வெண்ணையும் குறித்து வைத்திருந்தால் அந்தப் பதிவை இன்றைக்கும் சரியான பக்கத்தில் சேர்க்கலாம். பெயர் மாறும், பார்த்தது மாறாது. பார்த்ததை எழுதும் கட்டங்களைத்தான் 'படிவம் நீளமாக இருக்கிறது' என்று வெட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. 2016இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர், லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் மட்டும் சேர்ந்த கூட்டு என்ற பாடப்புத்தக வரியையே அசைத்தார்கள். ப்ரையோரியா பேரினத்தில் பழுப்பாக ஒன்று, மஞ்சள் ஏறி வல்பினிக் அமிலம் என்ற நச்சு நிறைந்து இன்னொன்று. இரண்டிலும் முதன்மைப் பூஞ்சையும் பாசியும் ஒன்றேதான். வேறுபாடு மேல்தோலில் இருந்த மூன்றாவது கூட்டாளியான ஈஸ்ட் பூஞ்சையின் அளவில் இருந்தது. நிறம் வேறு, வேதியியல் வேறு என்று களத்தில் யாரோ ஒழுங்காகக் குறித்துக்கொண்டே வந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது.

வேதிச் சோதனை ஏதோ புது மோகமும் இல்லை. 1866இல் லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் தொடங்கிவைத்தது. லைக்கன் ஒரு கூட்டுயிரி என்று அதற்கடுத்த ஆண்டு சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அதைக் கடைசிவரை எதிர்த்தவர் அதே நைலாண்டர்தான், அது வேறு கதை. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் வளரும் லைக்கன்கள் அந்த நகரத்தின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, இவை காற்றின் தூய்மையைக் காட்டும் என்று சொன்னவரும் அவரே, அதே 1866இல். அங்கிருந்து நேர்கோடாக வந்தால் 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற ஆய்வாளர்கள் மரப்பட்டை லைக்கன்களை வைத்துக் கந்தக டைஆக்சைடு மாசுக்கு ஓர் அளவுகோலே வகுத்தார்கள். எந்த இனம் இருக்கிறது, எது இல்லை என்பதே அளவீடு. அந்த அளவுகோலில் இனப்பெயர் தவறினால் அளவீடே தவறிவிடும்.

இப்போது மேலே சொன்ன சாலையோர மரங்களுக்குத் திரும்பி வாருங்கள். சாந்தோரியா பாரியெட்டினா நைட்ரஜன் மிகுந்த இடங்களை விரும்புவது, காற்றில் அம்மோனியா ஏறினால் பெருகும். அஸ்னியா, எவர்னியா போன்ற லைக்கன்கள் அதற்கு ஈடுகொடுக்காமல் மறையும். ஒரு வரிசை மரங்களில் சாந்தோரியா நிறைந்திருக்கிறது என்று வரைபடம் சொன்னால், படிக்கத் தெரிந்தவர் 'இங்கே நைட்ரஜன் மாசு' என்று படிப்பார். அங்கே இருந்ததில் ஒன்று வெறும் பாசி! மாசு இல்லாத இடத்தில் மாசு இருப்பதாகக் காட்டுவது ஒரு பக்கம். மாசு வந்தபின் 'இது முன்பே இப்படித்தான் இருந்தது, உங்கள் வரைபடமே சொல்கிறதே' என்று யாராவது நீட்டினால் என்ன பதில் சொல்வீர்கள்? நம் பதிவுகள் ஜிபிஐஎஃப் போன்ற உலகளாவிய உயிரினப் பதிவுத் தொகுப்புக்குப் போகின்றன என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். போகும்போது 'செயலி மட்டும் பார்த்தது' என்ற குறிப்பும் கூடப் போகிறதா?

அந்தத் தொகுப்பைப் பற்றிக் கவலை இல்லை என்றாலும் நம் செயலியைப் பற்றியாவது கவலைப்பட வேண்டும். பெயரிட்ட படங்களிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. இன்றைக்கு ட்ரென்டிபோலியாவுக்குச் சாந்தோரியா என்று அது பெயர் வைக்கும், பதிவர் சரி என்பார், அது உறுதியான பதிவாகும், அடுத்த சுற்றுப் பயிற்சியில் அதே படம் சாந்தோரியாவுக்குச் சான்றாகத் திரும்ப உள்ளே போகும். தன் தவறையே தின்று வளரும் ஏற்பாடு. நடுவில் ஒரு மனிதக் கண் வேண்டும் என்று சரிபார்ப்பவர்கள் சொல்வது வேலை போய்விடும் என்ற பயத்தில் அல்ல. எங்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

லைக்கனை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு வந்தால், காளான்கள்தான் எனக்கு அதிகக் கவலை. கொடிய நச்சுக்காளானான அமனிடா ஃபாலாய்டஸ், முட்டைப் பருவத்தில், உண்ணத்தக்க வால்வேரியெல்லா வால்வேசியாவின் முட்டைப் பருவம்போலவே இருக்கும். வளர்ந்தபின் தொப்பியை வெட்டித் தாளில் கவிழ்த்து வைத்தால் அமனிடாவின் வித்துத்தூள் வெள்ளையாக விழும், மற்றதன் தூள் இளஞ்சிவப்பு. படத்தில் வித்துத்தூள் தெரியாது. அமனிடாவின் நச்சு வயிற்றில் வேலையைக் காட்ட பல மணி நேரம் எடுக்கும், அதற்குள் கல்லீரலைப் பிடித்திருக்கும். ஒரு கள அமைப்பின் 'உறுதி' முத்திரையைப் பார்த்து எவர் என்ன முடிவு எடுப்பார் என்று நமக்குத் தெரியாது. 'உண்பதற்கான ஆலோசனை அல்ல' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அந்துப்பூச்சிகளில் அக்ரோனிக்டா சை, அக்ரோனிக்டா ட்ரைடென்ஸ் இரண்டின் புழுக்களைக் குழந்தைகூடப் பிரித்துவிடும். வளர்ந்த பூச்சியை இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் பிரிக்க முடியாது. சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர் என்ற இரு சிறு பறவைகளைக் ஆங்கிலேய இயற்கையாளர் கில்பர்ட் ஒயிட் 18ஆம் நூற்றாண்டிலேயே குரலை வைத்துப் பிரித்தார். 'குரல் கேட்டேன்' என்று எழுதவும் இப்போது படிவத்தில் கட்டம் இல்லை.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களும் எனக்குத் தெரியும். புதியவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள், 'இனம் தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பினால் மனம் விட்டுப்போகிறது என்கிறீர்கள். உண்மைதான், திருப்பி அனுப்பும் தொனியில் எங்களில் சிலர் கடுமையாக இருந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கான தீர்வு 'தெரியவில்லை' என்பதைத் தடைசெய்வதா? பேரினத்தோடு நின்ற பதிவுக்கும் மதிப்பு உண்டு என்று சொல்லிவிட்டாலே அந்த மனக்குறை போய்விடும். புதியவர்களை நான் களத்தில் பார்த்த அளவில், அவர்களைப் பிடித்து நிறுத்துவது எண்ணிக்கை அல்ல. ஒரு சொட்டு பட்டு மஞ்சள் ஊதாவாகும் அந்த நொடிதான். அதற்கப்புறம் லென்ஸைத் திருப்பித் தரமாட்டார்கள். காணொளி பார்த்து எவரும் அப்படி ஆகி நான் கண்டதில்லை.

இரண்டாவது காரணம், வேதிப்பொருள் ஆபத்து. இதில் பாதி நியாயம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய கேடு. லைக்கன் சோதனைக்கு இரண்டாவதாகப் பயன்படும் பிளீச்சை அமிலத்தோடு சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். மூன்றாவதாகப் பயன்படும் பாராஃபீனிலீன்டைஅமீன் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அது நச்சு, ஒவ்வாமையும் உண்டாக்கும், பயிற்சி முகாமுக்கு அதைக் கொண்டுவரவே கூடாது. மற்ற இரண்டையும் சிறு சொட்டுக் குப்பிகளில், பெயரெழுதி, கையுறையும் கண்ணாடியும் போட்டு, சொல்லித்தரத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கக் கையாண்டால் பிரச்சினை இல்லை. பிளீச் சீக்கிரம் வீரியம் இழக்கும், அதனால் சிவப்பாகும் என்று தெரிந்த ஒரு லைக்கனில் முதலில் சோதித்துவிட்டுத்தான் மற்றதில் வைக்க வேண்டும். இதெல்லாம் நேரில் ஒருமுறை காட்டினால் போதும், சுற்றறிக்கையில் எழுதிப் புரியவைக்க முடியாது.

மூன்றாவது, லைக்கனைச் சுரண்டி எடுப்பது அதற்குக் கேடு என்பது. இதைச் சொன்னவருக்கு என் மரியாதை. பல லைக்கன்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளர்கின்றன, உள்ளங்கை அகல வட்டத்துக்கு நம்மைவிட வயது அதிகமாக இருக்கலாம். ஆகவே விழுந்த கிளையில் இருப்பதை எடுக்க வேண்டும். உயிருள்ளதில் எடுக்க நேர்ந்தால் ஓரத்தில் நகத்துணுக்கு அளவு, சொட்டு வைப்பதும் அந்தத் துணுக்கில்தான், மரத்தில் இருக்கும் உடலில் அல்ல. எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் போல மிக அருகிவிட்ட இனமோ என்று சந்தேகம் வந்தாலே தொடாமல் படம் எடுத்து, 'சோதிக்கவில்லை, அரியதாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டு வர வேண்டும். அதை எழுதவும் அந்தக் கட்டம்தான் வேண்டும்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிக இனங்கள் பதிந்தவருக்கு முதலிடம் என்று வைத்த நாளிலிருந்து, சந்தேகத்துக்கு விலை வந்துவிட்டது. 'இனம் தெரியவில்லை' என்று எழுதுகிறவருக்கு ஒரு புள்ளி நட்டம். ஊகித்துப் போடுகிறவருக்கு லாபம். புதிய விதி அந்த நட்டத்தை முழுதாக்குகிறது. இப்படிப்பட்ட விளையாட்டு இல்லாமலும் பெரிய அமைப்புகள் நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை, அவற்றிலும் பட்டியல்கள் உண்டு. ஆனால் உலகெங்கும் பயன்படும் உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில்கூட, இருக்கும் சான்றை வைத்து இதற்குமேல் துல்லியமாக்க முடியாது என்று பயனர்கள் ஒத்துக்கொண்டால், பேரினத்தில் நின்ற பதிவும் ஆய்வுத்தரம் என்ற தகுதியைப் பெறும். அவர்களால் முடிவது நமக்கு ஏன் முடியாது?

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேரினம் வரையோ குடும்பம் வரையோ நின்ற பதிவுகளை 'முழுமையற்றவை' என்று ஒதுக்கும் விதியைத் திரும்பப் பெறுங்கள். சான்று இவ்வளவுதான் தாங்கும் என்று பதிவர் குறித்திருந்தால் அது முழுமையான பதிவு. வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள், ஆனால் காட்டுங்கள்.

நீக்கிய மூன்று கட்டங்களையும் திரும்பக் கொண்டுவாருங்கள். படிவம் நீளம் என்பது உண்மையான சிக்கலென்றால் 'எதன் மேல் வளர்கிறது' என்பதை மட்டும் கட்டாயமாக்கி, மற்ற இரண்டையும் விருப்பத்துக்கு விடுங்கள். கூடவே 'ஈரமா, உலர்ந்ததா' என்று ஒரு சொடுக்குப் பொத்தான். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

லைக்கன், மாஸ், காளான் ஆகிய மூன்றுக்கும் தானியங்கி உறுதிப்படுத்தலை உடனே நிறுத்துங்கள். மற்ற உயிரினங்களில் புகைப்படத்தால் பிரிக்க முடியாதவற்றின் பட்டியலை அந்தந்தப் பிரிவின் சரிபார்ப்பவர்களிடம் கேட்டு வாங்கி, பருவம் தொடங்குமுன் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். லைக்கன் பட்டியலை எழுதித் தர நான் தயார். செயலி அந்தப் பட்டியலில் உள்ள பெயரைச் சொன்னால் அதை ஊகம் என்று மட்டுமே காட்ட வேண்டும்.

சோதனை ஓட்டத்தில் முத்திரை வாங்கிய பதிவுகள் எல்லாவற்றிலும் அந்த முத்திரையை எடுத்து, 'செயலி மட்டும் பார்த்தது' என்று குறியிடுங்கள். மனிதர் ஒருவர் பார்க்கும்வரை அவற்றை வெளித்தொகுப்புகளுக்கு அனுப்ப வேண்டாம். ஏற்கனவே அனுப்பியிருந்தால் திருத்தம் அனுப்புங்கள். அதே பதிவுகள் செயலியின் அடுத்த பயிற்சிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

களப்பயிற்சியை நிறுத்தாதீர்கள். காணொளி கூடுதலாக இருக்கட்டும். கைலென்ஸ், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பிளீச் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கு எழுத்து வடிவில் ஒரு பாதுகாப்பு நெறி தயாரித்து, அதன்படி முகாம் நடத்த அனுமதி கொடுங்கள். தரவரிசையை முழுதாக எடுத்துவிடுவதே என் விருப்பம். அது முடியாதென்றால் இனங்களின் எண்ணிக்கையோடு, சான்றுக் குறிப்புள்ள பதிவுகளின் எண்ணிக்கையையும் சம மதிப்பில் சேருங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பருவம் தொடங்குமுன் எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவரை என்னிடம் வரும் லைக்கன் பதிவுகளைப் பழைய முறையிலேயே சரிபார்ப்பேன். பேரினத்தோடு நின்றவற்றை நிராகரிக்கச் சொல்லும் பொத்தானை நான் அழுத்தப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் திட்டத்தின் லைக்கன் பதிவுகளைச் சரிபார்ப்பவர்களில் ஒருவர்